அரை மாத்திரைக்கு ஒரு கட்டர்: 200 வெட்டுக்குப் பிறகு

தையல் என் தொழில். இருபது வருடமாகக் கத்தரி பிடித்த கைக்கு ஒரு மாத்திரையை இரண்டாக்குவது பெரிய வேலையா என்ற திமிரோடுதான் முதல் நாள் உட்கார்ந்தேன். பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். ஒரு பாதி மேசையிலேயே இருந்தது. மறு பாதி தெறித்துத் தையல் மெஷின் மிதிப்பலகைக்கு அடியில் போய் விழுந்தது. கீழே ஊசி விழுந்தால் காந்தத்தை வைத்துத் தேடுவேன். மாத்திரைக்குக் காந்தம் என்ன செய்யும்? நூல் பிசிறுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தபோது பாதி, முக்காலே மூணு வீசம் தூளாகியிருந்தது. மறுநாளே மாத்திரை கட்டர் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடத்தில் மூன்று கட்டர் பார்த்தாயிற்று. இப்போது மேசை மேல் இருப்பது மூன்றாவது. அதற்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கட்டர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரத்த அழுத்த மாத்திரையையோ வைட்டமினையோ வெட்டிப் பார்த்து எழுதுகிறார்கள். நான் வெட்டியது ஒரே ஒரு வகை மாத்திரையை: மெர்காப்டோப்யூரின் என்ற புற்றுநோய் மருந்து, 50 மில்லிகிராம். வார்டில் எல்லோரும் 6-எம்.பி. என்பார்கள். வெளிர் மஞ்சள், வட்டம், நடுவில் ஒரு கோடு.

என் மகளுக்கு ஏ.எல்.எல். வந்தது நாலரை வயதில். ரத்தப் புற்றுநோயில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது இதுதான். அதுவும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். முதல் சில மாதங்கள் ஊசி, டிரிப், ஆஸ்பத்திரியிலேயே வாசம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் வருவதற்கு மெயின்டனன்ஸ் என்று பெயர். வீட்டிலேயே இருந்துகொண்டு, தினமும் ராத்திரி மாத்திரை. ஏறக்குறைய இரண்டு வருடம்.

எவ்வளவு மாத்திரை என்று கேட்டேன். டாக்டர் அவள் உயரத்தையும் எடையையும் பார்த்து, ஒரு கணக்குப் போட்டு, "0.7 சதுர மீட்டர்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதுர மீட்டர் என் பாஷை. உடம்பின் மேற்பரப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் இந்த மருந்தை அளக்கிறார்களாம். அதாவது என் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை இறுக்கமாக மூட எவ்வளவு துணி பிடிக்குமோ, அந்த அளவுக்கு மருந்து. வளர்ந்தால் மறுபடி அளவெடுக்க வேண்டும். பாவாடைக்கு அடிமடிப்புப் பிரித்து விடுகிற மாதிரி, மருந்தையும் கூட்ட வேண்டும்.

ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்று ஆரம்பித்தார்கள். அப்படியானால் நாளைக்கு 35. கையில் இருக்கும் மாத்திரையோ 50. அதனால் வாரக் கணக்காகப் பிரித்தார்கள்: 7 நாளைக்கு 245, ஐந்து மாத்திரை என்றால் 250, பரவாயில்லை. திங்கள், புதன், வெள்ளி முழுசு. மற்ற நாலு நாளும் அரை. (இது என் மகளின் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர் போடுவதுதான் கணக்கு. அதுவும் கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து அடிக்கடி மாறும்.) வாரத்துக்கு நாலு அரை என்றால் இரண்டு வெட்டு. இரண்டு வருடத்துக்கு 200 வெட்டுக்கு மேல். எந்தக் கட்டரை வாங்கினாலும் அதன் பிளேடு 200 தடவை தாங்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

வீட்டில் ஏன் நான் வெட்டினேன் என்றால், அப்போது என் மனைவி இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையின் தூள் பக்கமே போகக் கூடாது என்று சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கேன்சர் செல்லைக் கொல்லுகிற மருந்து. வளரும் எந்தச் செல்லையும் அது விட்டுவைக்காது. கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். கட்டரை வேறு எந்த மாத்திரைக்கும் பயன்படுத்தக் கூடாது. வெட்டிய இடத்தை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாகக் கட்டிப் போட வேண்டும். கட்டர் டப்பாவின் முதுகில் இந்த மாதிரி ஒரு வார்த்தை இருக்காது. அதைப் பார்த்து வாங்குகிறவர் அதே கட்டரில் தாத்தாவின் சர்க்கரை மாத்திரையையும் வெட்டுவார்.

சரி, கட்டர்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் பிளேடு. மூடினால் வெட்டும். மாத்திரையை வைக்கும் இடம் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரிந்திருக்கும். பெரிய நீள மாத்திரை அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 6-எம்.பி. சின்ன வட்டம். அது 'வி'யின் மூலைவரை உருண்டு போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மூடியை இறக்கினால் பிளேடு கோட்டில் படாமல் கோட்டுக்குப் பக்கத்தில் படும். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. பெரிசைச் செவ்வாய்க்கும் சின்னதை வியாழனுக்கும் கொடுத்தால் வாரக் கணக்கில் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஓரம் உதிர்ந்து போனதை எந்த நாளில் சேர்ப்பது? ஐம்பது அறுபது வெட்டிலேயே பிளேடு மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தரி துணியை வெட்டாது, மெல்லும். மழுங்கிய பிளேடும் அப்படித்தான், மாத்திரையை நசுக்கும்.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் மாத்திரை சேர்த்து வைக்க ஒரு அறை, மேலே தூளாக்க ஒரு திருகு, பக்கத்தில் தண்ணீர் குடிக்க ஒரு குவளை. எல்லாம் இருக்கும், வெட்டு மட்டும் சரியாக விழாது. இந்த மருந்தைத் தூளாக்கும் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது.

மூன்றாவதில்தான் நிம்மதி. மூடி கண்ணாடி மாதிரித் தெளிவு. பிளேடு கோட்டின் மேல் வந்து நிற்பது மேலிருந்தே தெரியும். மாத்திரையை இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் பிளேடு மேல் ஒரு தடுப்பு தானாக இறங்கும். சின்ன விரல் உள்ளே போகாது. கடைசி வெட்டு வரை அரை, அரையாகத்தான் விழுந்தது. கோட்டின் மேல் பிளேடு இறங்கும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி, சின்னதாக. அந்தச் சத்தம் வந்தால் வெட்டு நன்றாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மகள் அடுத்த அறையிலிருந்தே "சரியா வெட்டிட்டப்பா" என்பாள்.

குறை: பிளேடைக் கழற்ற முடியாது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மஞ்சள் தூள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பஞ்சுக் குச்சியை நனைத்து, சந்து சந்தாகத் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூள் யார் மூச்சிலும் போகக் கூடாதது. அதோடு அது என் மகளுக்குப் போய்ச் சேராத மருந்தும்கூட. போன மதிப்பெண் இதற்குத்தான்.

ஒரு மாத்திரைத் தூளுக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்த மார்ச் மாதம் வரை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாலு வாரத்துக்கு என்று 20 மாத்திரை எண்ணிக் கொடுப்பார்கள். பழைய கட்டரில் அந்த மாதம் ஒன்று நொறுங்கிப் போயிற்று. ஒன்றுதானே, அடுத்த மாத மாத்திரை வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். கடைசி வாரம் போனால் ஜன்னலில் "6-எம்.பி. இருப்பு இல்லை" என்று எழுதி ஒட்டியிருந்தது. வெளியே நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது நாள் வந்தது. நொறுங்கிய அந்த ஒன்று கையில் இருந்திருந்தால் இரண்டு அரையாவது கொடுத்திருப்பேன். அதுவும் இல்லாமல் மூன்று ராத்திரி போனது.

அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். மாத்திரை பாட்டிலின் மூடியில் ஒரு சில்லு. எப்போது திறந்தாலும் அது குறித்துக்கொள்ளும். 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அப்படிப் பார்த்ததில், 6-எம்.பி.யை 95 சதவீதத்துக்கும் குறைவான நாட்களே எடுத்தவர்களுக்கு நோய் திரும்புகிற ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. 2015-இல் வந்த முடிவு. எங்கள் பெற்றோர் குழுவில் ஒருவர் இதைச் சொன்னபோது நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேசையிலேயே கணக்குப் போட்டேன். 28 நாளில் ஒரு நாள் விட்டால் 96. இரண்டு நாள் விட்டால் 93-க்கும் கீழே. அதாவது மாதத்தில் இரண்டாவது நாளிலேயே கோட்டைத் தாண்டிவிடுகிறோம். எனக்கு மூன்று.

இதைத்தான் கட்டர் விமர்சனம் எதிலும் நான் படிக்கவில்லை. அடுத்த பாட்டில் எப்போதும் அலமாரியில் இருக்கும் இடத்தில், மாத்திரை நொறுங்கினால் அலுத்துக்கொண்டு இன்னொன்றை எடுப்பார்கள். அடுத்த பாட்டில் வருமா என்றே தெரியாத இடத்தில், மழுங்கிய பிளேடு என்றால் ஒரு ராத்திரி மருந்து போனது என்று அர்த்தம். அந்த இரண்டாவது வகை இடங்கள்தான் உலகத்தில் அதிகம். புற்றுநோய் மருந்துகள் பொதுவாகக் கிடைக்கின்றன என்று சொன்ன நாடுகள், வருமானம் குறைந்த நாடுகளில் 29 சதவீதம்தான். பணக்கார நாடுகளில் 96 சதவீதம். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வருடத்துக்கு 4 லட்சம் குழந்தைகளுக்கு, பதின்ம வயதினரையும் சேர்த்து, புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் ஒன்றுதான். மருந்தின் பெயரும் ஒன்றுதான்.

இதைச் சரிசெய்யவும் ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஒரு திட்டம் தொடங்கியது: 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று. முதலில் கவனிக்க ஆறு புற்றுநோய்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஏ.எல்.எல். உண்டு. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து, மருந்துகளை மொத்தமாக வாங்கி நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தார்கள். ஆறு வருடத்துக்கு 20 கோடி டாலரைச் செயின்ட் ஜூட் போடுகிறது. முதல் மருந்துகள் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போனதை 2025 பிப்ரவரியில் சொன்னார்கள். அடுத்து ஈக்வடார், ஜோர்டான், நேபாளம், சாம்பியா. ஐந்து முதல் ஏழு வருடத்தில் 50 நாடுகள், 1,20,000 குழந்தைகள் என்பது இலக்கு. மருந்தின் தரம் பார்த்து வாங்குவதும் அதில் அடக்கம். குடும்பங்களுக்கு இலவசம். 'இருப்பு இல்லை' என்ற காகிதத்தை ஜன்னலில் பார்த்தவனுக்கு இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்தாலும் அலுக்காது.

ஆனால் பெட்டி வந்து சேர்ந்த பிறகும் அந்த 50-ஐ யாரோ ஒருவர் வீட்டில் வெட்டத்தான் வேண்டும். இந்த மருந்தை 1951-இல் உருவாக்கியவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸோடு சேர்ந்து. 1953-இல் புழக்கத்துக்கு வந்தது. 1988-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்கள்தான் இருப்பார்கள். அத்தனை பெரிய மருந்து. நோய் வருவது முக்கியமாகக் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய வாண்டுகளுக்கு. மாத்திரையின் அளவோ பெரியவர்களுக்கு. எல் சைஸ் சட்டை ஒன்றை மட்டுமே தைத்துவிட்டு, பிள்ளைக்கு வேண்டுமானால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற தையல்காரனிடம் யாராவது இரண்டாம் முறை போவார்களா?

சிரப் வடிவமும் இருக்கிறது. மில்லிக்கு 20 மில்லிகிராம். ஐரோப்பாவில் 2012-லும் அமெரிக்காவில் 2014-லும் அனுமதி கிடைத்தது. சிரிஞ்சில் அளந்து கொடுத்தால் 35 என்றால் 35 தான், வெட்டே வேண்டாம். எங்கள் மருந்தகத்து ஜன்னலில் அதை நான் பார்த்ததே இல்லை.

குழந்தை அளவில் மருந்து செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரைக் குழந்தைகளுக்கென்று 10 மில்லிகிராமில், தண்ணீரில் கரையும்படி, ஸ்ட்ராபெரி சுவையில் செய்தார்கள். 2020-இல் அனுமதி, அடுத்த வருடமே ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக ஆரம்பித்தது, அதுவும் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 36 டாலர் என்ற விலையில். அங்கே வாங்குகிறவர்கள் ஒன்றுசேர்ந்து இத்தனை லட்சம் வேண்டும் என்று கேட்டார்கள், கம்பெனிகள் செய்தன. புற்றுநோய் வந்த பிள்ளைகள் நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு நாட்டுக்குத் தேவை சில நூறு பாட்டில் என்றால் எந்தக் கம்பெனி தனி அச்சு செய்யும்? ஐம்பது நாட்டுக்கும் சேர்த்து ஒரே கையால் வாங்கும் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் ஆசை இதுதான். ஒரு நாள் அவர்கள் அளவும் சொல்லிக் கேட்கட்டும்.

கட்டர் உதவாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்கு என்.யூ.டி.டி.15 (NUDT15) என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இது நிறைய. இவர்களுக்குச் சாதாரண அளவு கொடுத்தாலே கவுன்ட் தரைமட்டமாக இறங்கிவிடும்; பத்து மில்லிகிராம் போதும் என்கிற அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். 50-ஐ ஐந்தாக வெட்ட எந்தக் கட்டராலும் ஆகாது. கால் மாத்திரைக்கே எங்கள் சிஸ்டர் சம்மதிக்கவில்லை: "அரைக்கு மேல் வெட்டாதீங்க, எந்த நாள் முழுசு, எந்த நாள் அரைன்னு மாத்திக் கொடுக்கிறோம்." இன்னொன்று, வாரத்துக்கு ஒரே நாள் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட். அது 2.5 மில்லிகிராம் பொடி மாத்திரை, எண்ணிக் கொடுத்தால் போதும். அதைக் கட்டர் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தினம் கொடுக்கும் மாத்திரையோடு கலந்து, வார மருந்தைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் அதை வேறு அறையில், சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தோம்.

பாலோடு கொடுக்கலாமா, ராத்திரிதான் கொடுக்க வேண்டுமா என்று புதிதாக வரும் பெற்றோர் கேட்பார்கள். முன்பெல்லாம் பால் கூடாது என்பார்கள். 2017-இல் வந்த ஆய்வு, பாலோடு எடுத்தாலும் உணவோடு எடுத்தாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை என்றது. தினமும் உள்ளே போகிறதா என்பதுதான் விஷயம். எங்கள் குழுவில் ஒரு அம்மா ஏழாவது மாதம் நிறுத்திவிட்டார். குழந்தைக்கு முடி வளர்ந்துவிட்டது, ஓடி விளையாடுகிறது, இன்னும் எதற்கு விஷம் என்று மாமியார் கேட்டாராம். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் மகள் ஜடை போடும் அளவுக்கு முடி வளர்ந்த நாளில் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. காலண்டரில் தினமும் டிக் போடுகிற வேலையை மகளிடமே கொடுத்திருந்தோம். முழுசுக்கு முழு வட்டம், அரைக்கு அரை வட்டம். அவள் விடமாட்டாள்.

அவளுக்கு மருந்து நின்று எட்டு மாதம் ஆகிறது. கடைசி வெட்டில் ஒரு அரை மிஞ்சியது. அதைக் குப்பையில் போடக் கூடாது, மருந்தகத்தில் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்ததால், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலில் இருந்தவர் ஒரு அரை மாத்திரைக்கு ஒரு ரசீதா என்று பார்த்தார். குழுவில் புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டர் வாங்கித் தருவது இப்போது என் பொறுப்பு. பழையதைத் தருவதில்லை, அந்தச் சந்துத் தூள் எனக்குத் தெரியும்.

நீங்களே வாங்குவதாக இருந்தால்: மூடி தெளிவாக இருக்க வேண்டும், பிளேடு மேல் தடுப்பு வேண்டும், மாத்திரை வைக்கும் இடம் வட்டத்தைப் பிடிக்க வேண்டும். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அதே அகலத்தில் காலரில் தைக்கும் சின்னப் பொத்தான் ஒன்றை எடுத்துப் போங்கள். கட்டரில் வைத்து, திறந்தபடியே லேசாக ஆட்டிப் பாருங்கள். பொத்தான் நகர்ந்தால் அந்தக் கட்டர் வேண்டாம்.